ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு

ஈரப் போர்வை

நான் முற்றத்துக்குள் நுழைவதற்குள் செபஸ்தியான் கூரையில் ஏறி, சொட்டச் சொட்ட நனைந்த போர்வை ஒன்றை விரித்துவிட்டார். அதன் அடியில் சோலார் தகடு இருப்பது மூலைகளிலேயே தெரிந்தது.

கம்பளை நகருக்கு மேலே மலையில் உள்ள அந்தக் குடியிருப்புக்கு மின்கம்பம் போடுவதா, ஓடைத் தண்ணீரில் ஓயாமல் இரைந்தபடி சுற்றும் டர்பைன் தருகிற ஓடை மின்சாரத்தையே திருத்திக் கொடுப்பதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இந்த வேலையில் அலைந்தவர்களுக்குத் தெரியும், வெளிச்சம் கொடுக்கப் போகிறவனிடம் சனங்கள் முதலில் இருட்டைத்தான் காட்டுவார்கள். சோலார் உள்ள வீட்டுக்குக் கம்பம் வராது என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். செபஸ்தியான் ஓடை மின்சாரச் சங்கத்தின் தலைவர் வேறு. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கூரையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“போர்வை காயுதுங்க சேர். வேற ஒண்ணுமில்ல.”

யார் வீட்டில் சோறு

ஓடைக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தாவின் வீடு மட்டும்தான். கணவர் இறந்த பிறகு கோழிக்குஞ்சு பொரிக்கவைத்து விற்றுப் பிழைக்கிறார். ஒரு மரப்பெட்டி, உள்ளே இரண்டு குண்டு பல்புகள், அவற்றின் சூட்டில் முட்டைகள். அதை எனக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பல்புகள் மங்கி வெறும் சிவந்த கம்பிகளாகிவிட்டன. நான் பதறினேன். அவர் பதறவில்லை. அறை விளக்கை அணைத்தார். பெட்டிக்குள் கொஞ்சம் வெளிச்சம் திரும்பியது. பிறகு வாசலுக்குப் போய் அக்கரையைப் பார்த்துக் கத்தினார்.

“யாருடீ அங்க ரைஸ் குக்கர் போட்டது? உங்க சோறு வேக என் குஞ்சு சாகணுமா?”

தூக்கிய கைகள்

கூட்டத்தில், கம்பம் வேண்டுமென்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னேன். முதலில் உயர்ந்தது ஜெசிந்தாவின் கை. பின்னாலேயே மற்ற எல்லாக் கைகளும்.

கம்பம் நடும் கொந்தராத்துக்காரர் என் காதருகே குனிந்து, ஓடையோடு கம்பி நின்றுவிடும் என்றார். ஒரு வீட்டுக்காக அதைத் தாண்ட ஏலாதாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டம் கலைந்ததும் ஜெசிந்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அது தெரியும் சேர். அவங்க கம்பத்துக்குப் போகட்டும். அப்ப ஓடை எனக்குத்தானே? பெட்டி மங்காதுல்ல?”

பாற்சோறு

கம்பத்து மின்சாரம் வந்த அன்று எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். பட்டப்பகலில் வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

ஜெசிந்தா பாலத்தைத் தாண்டி வந்து ஒரு முட்டையை என் காதில் வைத்தார். உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். அது கேட்கும் அளவுக்கு அமைதி. அப்போதுதான் விளங்கியது. ஓடைக்கரையில் டர்பைன் ஓடவில்லை.

“காலையிலருந்து பெட்டி குளுந்து கெடக்கு. யாரு நிப்பாட்டினது?”

செபஸ்தியான் கையில் தட்டோடு நின்றார். பழைய மின்சாரமும் புதியதும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று பயந்து, வீடுகளுக்கு வந்த பழைய வயர்களைக் கழற்றியது போதாதென்று, டர்பைன் வாய்க்காலின் பலகையையும் இறக்கித் தண்ணீரை அடைத்திருக்கிறார். அத்தனை பேர் கூடியிருந்தும் ஒருவருக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த வீடு நினைவுக்கு வரவில்லை.

“எல்லாருக்கும் லைட் வந்திருச்சுன்னுல்ல நெனச்சேன், தங்கச்சி.”

தட்டை வைத்துவிட்டு ஓடினார். போகிற வழியில் தன் வீட்டுப் போர்வையைக் கொடியிலிருந்து இழுத்து, பின்னால் ஓடிவந்த ஜெசிந்தாவின் கையில் திணித்துவிட்டுப் போனார்.

நானும் ஜெசிந்தாவும் பெட்டியைப் போர்வையால் மூடிக் காத்திருந்தோம். பலகை தூக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர். பிறகு டர்பைனின் இரைச்சல். அறை விளக்கு எரிந்தது. பெட்டிக்குள் பல்புகள் சிவந்து, மஞ்சளாகி, அந்த வீட்டில் நான் பார்த்தேயிராத வெள்ளையாக எரிந்தன. ஜெசிந்தா முட்டைகளை ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார். சிலவற்றைத் திரும்ப உள்ளே வைத்தார். சிலவற்றை நெடுநேரம் காதிலேயே வைத்திருந்தார்.

இவ்வளவு கூட்டமும் கைதூக்கலும் முடிந்து பார்த்தால், கம்பம் ஊருக்கும், முழு ஓடையும் ஒரே ஒரு பெட்டிக்கும் என்று ஆகியிருந்தது.

ஜெசிந்தா எழுந்து போய் அறை விளக்கை அணைத்தார்.