கொம்பு கழற்றிய சைக்கிள்

மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டால் அந்தச் சைக்கிளின் பின்சக்கரத்திலிருந்து சில்வண்டு கத்துவதுபோல மெல்லிய சத்தமொன்று இடைவிடாமல் வரும். ஊரில் வேறெந்தச் சைக்கிளும் அப்படிக் கத்தாது என்பதால், கிள்ளையில் நாங்கள் குடியிருந்த துணை சுகாதார நிலையத்துக் குவார்ட்டர்ஸில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அம்மா தெருமுனை திரும்பிவிட்டாள் என்று எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும்.

அம்மா கிராம சுகாதார செவிலியர், ஊருக்கு 'நர்சம்மா'. அப்பாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலை பஸ்ஸில் எங்களைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு அவர் கடைக்குப் போவார். அம்மா தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு உப்பங்கழி ஓரத்துக் குப்பங்களுக்கு நடப்பாள். பஸ் போகாத தடங்கள் அவை. நான் ஏழாம் வகுப்பு படித்த அந்த வருஷம், நடந்து நடந்து அவளது குதிகால் வெடித்துப்போயிருந்தது. 'மொபெட் வாங்கலாம்' என்று அப்பா சொன்னதற்கு, "எனக்குத்தான் சைக்கிள் கெடக்கே" என்றாள் அம்மா.

அது கடலூர் முதுநகரில், அம்மாவின் அண்ணன் சேவியர் மாமா வீட்டுச் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருந்த பிரெஞ்சு ரேஸ் சைக்கிள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் பாண்டிச்சேரிப் பக்கம் 'சொல்தா' என்பார்கள். பக்கத்து வீட்டில் இருந்த அப்படியொரு சொல்தா குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விட்டபோது, தன் மகளுடைய சைக்கிளை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். பெண்பிள்ளை ஓட்டுவதற்காகச் செய்தது என்பதால் அதில் குறுக்குத்தண்டு கிடையாது. கழுத்திலிருந்து பின்சக்கரம் வரை இரண்டு மெல்லிய குழாய்கள் சரிந்து இறங்கும். ஆனால் கைப்பிடி மட்டும் ஆட்டுக்கடாவின் கொம்புபோலக் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். கோயில் திருவிழாப் பந்தயங்களில் அதில் குனிந்து பறந்து அம்மா முதலாவதாக வந்த கதைகளை மாமா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். ஓரமாகக் கூடவே ஓடிக்கொண்டு "மிதி ஜெசி, மிதி!" என்று கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது அவர்தான். அம்மாவுக்குக் கல்யாணமாகி வந்த பிறகும், அந்தச் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதை அவர் விட்டதில்லை.

ரயில் பாதையை அகலப்படுத்துவதற்காக ரயிலை நிறுத்தியிருந்த காலம் அது. மாமா பஸ்ஸின் மேலே சைக்கிளைக் கட்டி எடுத்துவந்தார்; ஒவ்வொரு வேகத்தடையிலும் தன் இடுப்பெலும்பே முறிந்ததுபோல இருந்தது என்றார். மறுநாளே அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். முதல் மிதியிலேயே அது பாய்ந்ததும், அவள் முகத்தில் நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு பெண்பிள்ளை எட்டிப்பார்த்ததும் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆனால் திருவிழாப் பந்தயத்துத் தார்ச்சாலை வேறு, கிளிஞ்சல் கலந்த எங்கள் மண்பாதை வேறு. விரல் தடிமன் டயர்கள் மணலில் புதைந்தன. அகலமில்லாத சீட் 'கத்திமேல உக்காந்த மாதிரி' இருந்தது. பெட்டி தோளில் தொங்கிக் கழுத்தை அறுத்தது. சாயங்காலம் வந்ததும் அம்மா தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். நானும் தம்பியும் முறைவைத்து அவள் முதுகில் தைலம் தேய்ப்போம். கைவிரல்கள் மரத்துப்போய்ச் சோறு பிசைய முடியாத நாட்களும் உண்டு. அப்போதும் கைப்பிடியை மாற்றச் சம்மதிக்கமாட்டாள். குப்பத்துப் பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "நர்சம்மா கம்மல கிம்மல தொலைச்சிட்டாங்களா? தரையவே பாத்துக்கிட்டு வராங்க."

அந்தச் சிரிப்பு ஒருநாள் நின்றுபோனது. செல்வி என்ற இளம்பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருமுனையில் அம்மாவுக்காகக் காத்துநின்றிருக்கிறாள். கையை ஆட்டிக் கூப்பிட்டும் இருக்கிறாள். எதிர்காற்றில் தலையைக் கவிழ்த்து மிதித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. அன்று விடுமுறை; நான் வீட்டில் இருந்தேன். மத்தியான வெயிலில் செல்வி குழந்தையோடு குவார்ட்டர்ஸ் வரை நடந்தே வந்து சேர்ந்தாள்.

"கூப்புட்டேன்ம்மா. நீங்க நிமிந்தே பாக்கல. எங்க மேல எதனா கோவமா?" என்றுதான் கேட்டாள்.

அம்மா குழந்தையை வாங்கி, உடம்பைத் துடைத்து, மருந்து கொடுத்து, காய்ச்சல் இறங்கும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை கண்ணைத் திறந்து பால் குடித்த பிறகுதான் செல்வியின் கையைப் பிடித்து, "கோவமெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நான் பாக்கலடி" என்றாள். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னாள்: "முதுகு வலிய பொறுத்துக்கலாம். அவ அந்த வெயில்ல நடந்து வந்தா பாருங்க, அத பொறுக்க முடியல. கொம்ப கழட்டிடலாம்."

சேதி கேட்டு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே மாமா வந்து இறங்கிவிட்டார். காப்பியைக்கூடத் தொடவில்லை.

"கொம்ப எடுத்துட்டா அது பால்காரன் சைக்கிள் ஆயிடும்டி ஜெசி!"

"பால்காரனுக்கு என்னண்ணே கொறச்சல்? எல்லா வீட்டு வாசல்லயும் நின்னு பேசிட்டுப் போறாரு. எனக்கு அந்த மாதிரிதான் வேணும்."

மாமாவே சைக்கிளை மறுபடி பஸ்ஸின் மேலே கட்டினார். சிதம்பரம் கீழவீதிப் பக்கமிருந்த காசிம் பாயின் சைக்கிள் கடைக்குப் போனோம். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு உரிமையோடு மாமாவின் கட்சியில் சேர்ந்துகொண்டார். "இந்த மாதிரி வண்டில கை வெக்கவே மனசு வரலீங்க." அம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தனக்கு வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியதும், இருவரும் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

சொல்வது சுலபமாக இருந்தது. செய்வதுதான் பல ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. நம்மூர் ஹேண்டில்பாரின் தண்டு பிரெஞ்சுக்காரன் கழுத்துக்குள் இறங்க மறுத்தது. மயிரிழை தடிமன் அதிகம். உப்புத்தாளால் அதை நாங்கள் மாறி மாறித் தேய்த்தோம். மாமாவும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே தேய்த்தார். தடித்த டயருக்கு இடம் வேண்டுமென்று சற்றே சிறிய சக்கரங்களைப் போட்டால், பிரேக் கட்டை விளிம்பை எட்டவில்லை. அதற்கு இரும்புத் துண்டு வைத்து நீட்ட வேண்டியிருந்தது. 'மட்கார்டு' வந்தது, சேலை சிக்காமல் வலை வந்தது, ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் வந்தது. கேரியரில் பெட்டியைக் கட்டி அம்மா ஏறியபோது முன்சக்கரம் குதிரைபோல எழும்பியது. பாய் கடையே அலறியது. பெட்டியை முன்னுக்குக் கொண்டுவந்து கூடையில் வைத்ததும் குதிரை அடங்கியது. கியர் வேண்டாமென்றார் பாய். எதிர்காற்றுக்கு வேண்டுமென்றாள் அம்மா; பழைய கியர் அப்படியே தங்கியது. கழற்றிய கொம்பை மாமா நியூஸ்பேப்பரில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினார்.

அதன்பிறகு அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து போனாள். வேகம் பாதியாகக் குறைந்தது. பேச்சு இரண்டு மடங்கு ஜாஸ்தியானது. வேலியோரம் நிற்கிற ஒவ்வொருத்தியிடமும் காலை ஊன்றி நின்று, மாத்திரை போட்டாயா, புள்ள பால் குடிக்கிறானா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். வீடு வந்து சேர இருட்டிவிடும். ஆனால் தைல பாட்டில் அலமாரியில் சும்மா கிடந்தது. கூடையில் நண்டோ கெளுத்தியோ முருங்கைக்காயோ ஏதாவது வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பொங்கலுக்கு ஊர் விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கு 'ஸ்லோ சைக்கிள்' வைத்தார்கள். காலை ஊன்றாமல், பக்கக்கோட்டைத் தாண்டாமல், கடைசியாக வந்து சேருகிறவருக்குப் பரிசு. செல்வியும் குப்பத்துப் பெண்களும் அம்மாவைப் பிடித்து இழுத்துக் கோட்டில் நிறுத்திவிட்டார்கள். பொங்கல் சீர் கொண்டுவந்திருந்த மாமா முதலில் வேடிக்கை பார்க்கிறவர்போலத் தூரத்தில்தான் நின்றார். விசில் ஊதியதும் பெண்கள் சிலர் தடுமாறிக் கால் ஊன்றினார்கள். இன்னும் சிலர் விழப்போகும் பயத்தில் வேகமாக மிதித்து முடித்துவிட்டார்கள். கடைசியில் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும் மட்டும் மிச்சம். அம்மாவின் அகல டயர்கள் மணலைக் கவ்விக்கொண்டு நத்தைபோல ஊர்ந்தன. முதுகு நேராக, பார்வை முன்னால், ஏதோ ஜெபம் சொல்வதுபோல உதடு மட்டும் அசைந்தது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து, பழைய குரலில் கத்த ஆரம்பித்தார்.

"மிதிக்காத ஜெசி! மிதிக்காதடி!"

மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கல்லூரிப் பெண் நிலைகுலைந்து காலை ஊன்ற, அம்மா மட்டும் ஆடாமல் அசையாமல் கோட்டைத் தொட்டாள். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் குடத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, ஊர்வலம்போல வீடுவரை வந்தது மாமாதான்.

அதற்குப் பிறகு சில வருஷங்களில் அம்மாவுக்குக் கம்மாபுரத்துக்கு மாற்றலானது. நிலக்கரி லாரிகள் போகிற அந்தச் சாலைக்கு ஸ்கூட்டர்தான் சரியென்று எல்லோரும் சொல்ல, அவளும் ஒத்துக்கொண்டாள். கிள்ளையில் விட்டுவந்த சைக்கிளைக் கடற்காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. போன வருஷம் போய்ப் பார்த்தேன். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் புதுக்கட்டடம். குப்பம் வரைக்கும் சிமென்ட் சாலை. கூப்பிடுவதற்கு எல்லோர் கையிலும் போன். வேலியோரம் யாரும் காத்துநிற்கவில்லை. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா இப்போது சிதம்பரத்தில், ஓய்வில். சர்க்கரை கூடியிருக்கிறது, தினமும் உடற்பயிற்சி வேண்டுமென்று டாக்டர் சொன்னதும், வீட்டுக்குள்ளேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் ஹாலில் வைத்தேன். அம்மா ஏறி உட்கார்ந்தாள், சீட்டை அசைத்துப் பார்த்தாள், இரண்டு மிதி மிதித்தாள், இறங்கிவிட்டாள்.

"ஏம்மா, சீட்டு சரியில்லயா?"

"சீட்டெல்லாம் சொகமாத்தான்டி இருக்கு. ஒரே எடத்துல நின்னு மிதிச்சா யாரப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.