கோயிலின் பின்சுவர்

எண்ணூரில் எங்கள் குப்பத்து அம்மன் கோயிலுக்குள் முதன்முதலாகச் செருப்புக் காலோடு நுழைந்தவன் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ரோட்டோரம் டைல்ஸ் பதித்துப் புதுக்கோயில் கட்டியாகிவிட்டது. பழைய கட்டடத்தைத் துறைமுக வேலை எடுத்த ஒரு கான்ட்ராக்டர் ஆபீசுக்குக் கேட்டார். கமிட்டியில் நானும் ஒருவன். பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். பூசாரி மந்திரம் சொல்லி அம்மனைக் குடத்துத் தண்ணீரில் இறக்கினார். மேளம் முழங்க அந்தக் குடத்தைப் புதுக்கோயிலுக்குச் சுமந்துபோனவனும் நான்தான்.

"சாமி பூட்ச்சி. இனிமே இது வெறும் கட்டடம்" என்றார் பூசாரி. ஆனாலும் உள்ளே போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. "இன்னாத்துக்கு இப்டி பயந்து சாவுறீங்கோ?" என்று நான் செருப்போடு கருவறைவரை நடந்து காட்டினேன். விசிலடித்தார்கள். எனக்குப் பெருமை வேறு!

சில மாதம் கழித்து, பல வருஷம் முன்னே மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போன என் அண்ணனின் நினைவு நாள் வந்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை. அப்படிப் போனவர்களுக்கு எங்கள் குப்பத்தில் கோயில் பின்சுவரடியில்தான் காரியம். சுவரில் மஞ்சள் தடவிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஆள் கரையேறி அங்கே வந்துவிட்டதாக நம்பிக்கை. அண்ணிக்குப் புருஷன் என்று மிஞ்சியது அந்த ஒரு முழச் சுவர்தான். வருஷம் தவறாமல் அங்கே சோறும் வஞ்சிரம் வறுவலும் படைப்பார்.

இந்த முறை நானும் கூடப் போனேன். மஞ்சள் இருந்த இடத்தில் வெள்ளை டைல்ஸ், வரிசையாக மூத்திரப் பீங்கான்கள், எச்சில் ஊறிய பீடித் துண்டுகள். மூத்திரமும் பினாயிலும் கலந்த நாற்றம் அடித்தது. ஒருவன் ஜிப்பை இழுத்துவிட்டபடியே, "லேடீஸ்லாம் இங்க வரக்கூடாதும்மா" என்றான். அவனை அறைந்திருப்பேன். ஆனால் கமிட்டியில் காட்டிய வரைபடத்தில் இந்த டாய்லெட்டைப் பார்த்துச் சரி என்றவனே நான்தான். அம்மனை மட்டும்தான் யோசித்தோம். அந்தச் சுவர் எங்களில் ஒரு நாய்க்கும் ஞாபகம் வரவில்லை. கேடுகெட்ட கமிட்டி, அதைவிடக் கேடுகெட்டவன் நான்.

"இங்கதான் சாமியே இல்லியே அண்ணி. புதுக்கோயிலாண்ட வச்சி படைச்சிக்கலாம், வா" என்றேன்.

அண்ணி இலையைக் கீழே வைக்கவில்லை. அழவும் இல்லை.

"அம்மாவ மேளம் வச்சி கொடத்துல எட்த்துகினு போனியே, உங்கண்ணன எதுல எட்த்துகினு போன?" என்று கேட்டார்.