அரிக்கேன் அளவுக்கு மரியாதை இல்லாத விளக்கு

கஷ்டப்பட்டுப் படித்து மேலே வந்தவன் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவனுக்கு ஒரு விளக்கு வேண்டும். அரிக்கேன் என்றால் உத்தமம். சிம்னி துடைத்தேன், புகை குடித்தேன் என்று ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தெருவிளக்கு அதற்கும் ஒரு படி மேல். எனக்கு வாய்த்ததோ பேட்டரியில் எரியும் எமர்ஜென்சி லைட். சிவப்பு பிளாஸ்டிக் உடம்பு, தலையில் கைப்பிடி, வயிற்றில் இரண்டு குட்டி ட்யூப். இதை வைத்துக்கொண்டு யாரை அழவைப்பது?

ஆனாலும் நான் விடவில்லை. ஜனக்புரிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள் அல்லவா, அதற்கு அந்த லைட்டைத்தான் பதிலாகத் தயார் செய்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலை, அம்மா வீட்டு வேலை. குடிசையில் கொக்கி போட்டு இழுத்த கரன்ட் எப்போது போகும் என்று தெரியாது. அம்மா தான் வேலை செய்யும் மூன்றாம் மாடி வீட்டுக்கு லைட்டைத் தூக்கிக்கொண்டு போய், சார்ஜ் ஏற்றிக் கொண்டுவருவாள். அந்த வெளிச்சத்தில் நான் படித்தேன். நான் தங்கியிருந்த முனிர்கா அறையில் கண்ணாடி முன்னால் நின்று இதைச் சொல்லிப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்தது. அறையில் இருந்த நண்பன் மட்டும், “டேய், அழுகை கொஞ்சம் சீக்கிரம் வருது, லேட் பண்ணு” என்றான்.

சிரிப்பதற்கு மட்டுமான விஷயம் இல்லை இது. அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. அதே மூன்றாம் மாடிக்கு இன்னமும் ஏறிக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் அந்த வீட்டு வேலையை விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லைட்டைக் கேட்டு வீட்டுக்குப் போனேன். சரியான இடத்தில் பையிலிருந்து அதை வெளியே எடுப்பதாகத் திட்டம். பேட்டரியை எப்போதோ பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரன் கொண்டுபோய்விட்டான். வெறும் கூட்டில் அம்மா துணி கிளிப் போட்டு வைத்திருந்தாள்.

“எதுக்குடா இது?”

“இன்டர்வியூல காட்டணும்மா. இதுலதான நான் படிச்சேன்.”

அம்மா மாவு பிசைந்த கையோடு அப்பா பக்கம் திரும்பினாள். “ஏங்க, கேட்டீங்களா உங்க புள்ள பேசறத? இதுல படிச்சானாம்!”

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“டேய், இது உங்கப்பா கேரம் ஆடறதுக்கு வாங்கனது. பையன் படிக்கணும்னு என்கிட்ட சொல்லி வாங்கிட்டு வந்தாரு. கரன்ட் போச்சுன்னா லைட்டு சந்துக்குப் போயிடும். நான் இங்க இருட்டுல ரொட்டிய தீச்சிக்கிட்டு கெடப்பேன்.”

“புள்ள புக்கோடதான வந்தான்” என்றார் அப்பா.

“புக்கு வந்துச்சு. தொறந்துச்சா?”

“நானும் நல்லாத்தான் ஆடுவேன்...”

“நீங்களா? லைட்டு நம்மளுதுன்னுதான் உங்கள சேத்துக்கிட்டானுங்க. இல்லன்னா பவுடர் போடக்கூட கூப்பிட மாட்டானுங்க.”

அவள் சொல்லச் சொல்ல, நான் மனப்பாடம் செய்திருந்த படம் கலைந்து அதன் அடியில் இருந்த நிஜப் படம் தெரிந்தது. சந்தில் டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் போர்டு. மேலே கம்பியில் தொங்கும் எங்கள் லைட். வெளிச்சத்தில் எழும்பும் பவுடர் புகை. பூச்சிகள் போர்டில் விழும், காய்களோடு அவற்றையும் தள்ளிவிட்டு ஆடுவார்கள். அப்பா தோற்கிற நிலைமை வந்தால், “சார்ஜ் எறங்கிடுச்சுப்பா” என்று சுவிட்சை அணைத்துவிடுவார். “அச்சா! கரெக்டா ரெட்டு போடும்போது எறங்கிடுச்சாம்!” என்று இருட்டில் நாலு பேர் கத்துவார்கள். நானும் கத்துவேன். அந்த லைட் ஏன் இத்தனை வருஷம் இனித்துக்கொண்டே இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பாடப்புத்தகம் யாருக்காவது இப்படி இனிக்குமா?

அப்படியும் லைட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். வேறு பேச்சு தயார் செய்ய நேரமில்லை. பள்ளி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒத்திகைபோலச் சொல்லிப் பார்த்தேன். அவரும் தேர்வுக்கு வந்தவர்; மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்.

“ரெண்டு ட்யூப் எரியுமே, அதுவா?” என்றார். “எங்க ஊர்ல அது வசதியானவங்க வீட்லதாங்க இருக்கும்.”

உள்ளே தலைமையாசிரியை எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். நான் எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்து, பையிலிருந்து லைட்டை உருவினேன். அம்மா கிளிப்புகளை எடுக்கவே இல்லை. கலர் கலராக அறை முழுக்கச் சிதறின. ஒன்று தலைமையாசிரியையின் செருப்பின் மேல் போய் நின்றது.

“என்னப்பா இது, துணி காயப்போட வந்தியா?”

தரையில் மண்டியிட்டுக் கிளிப் பொறுக்குகிறவனால் உருக்கமாகப் பேச முடியாது. கேரம், அப்பா, சார்ஜ் எறங்கின கதை எல்லாவற்றையும் கீழே இருந்தபடியே சொல்லிவிட்டேன். தேர்வுக் குழுவில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அப்ப கணக்கு எங்க படிச்ச?” என்றார் தலைமையாசிரியை.

“பகல்ல, ஸ்கூல்ல மேடம். கோணம் மட்டும் போர்டப் பாத்துக் கத்துக்கிட்டேன்.”

“எங்க, காட்டு பாக்கலாம்.”

சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு கேரம் போர்டு வரைந்தேன். ஸ்ட்ரைக்கர் போர்டின் ஓரக்கட்டையில் எந்தச் சாய்வில் மோதுகிறதோ அதே சாய்வில் திரும்பும். அப்பா இதை நம்பாமல் ஆண்டுக்கணக்கில் தோற்றார். தயார் செய்ததில் ஒரு வரிகூட இல்லை. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். பெரியவர் எழுந்து வந்து, “இந்தக் காய இங்க வெச்சா?” என்று கேட்டார். வாசலில் மண்ணெண்ணெய் விளக்குக்காரர் காத்திருப்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று.

அந்த வாரமே போன் வந்தது. கணக்கு ஆசிரியர், கூடவே கேரம் குழுவுக்கும் பொறுப்பு.

அம்மா அன்று சாயங்காலம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மூன்றாம் மாடி ஏறி, ஜல்தியாக வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். அப்பா வாசலிலேயே காத்திருந்தார்.

“பாத்தியா, நான் வாங்கன லைட்டு.”

“ஆமா” என்றாள் அம்மா, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. “சார்ஜ் ஏத்தனது யாரு?”

பிறகு என் பக்கம் திரும்பி, கிளிப்பெல்லாம் எங்கே என்று கேட்டாள். எண்ணிப் பார்த்ததில் இரண்டு குறைந்தன.