வலப்பக்கமும் இவ்வாறே

ஹுஸ்னா திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள். ஜூனுக்குள் முனைவர் பட்டம் வாங்காதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆய்வேடு கொடுத்தாயிற்று, வெளித் தேர்வாளர்கள் இருவரும் நல்லபடியாக அறிக்கை எழுதிவிட்டார்கள், நாளைக்கு வாய்மொழித் தேர்வு. பாவி மகள், பேசாமல் தூங்கியிருக்கலாம். நாலாவது அத்தியாயத்தை இன்னொரு தரம் புரட்டினாள்.

குலம் என்று கணக்கில் ஒன்று உண்டு. அதன் உறுப்புகளைச் சிறியது பெரியது என்று வரிசையாக நிறுத்த முடியுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நிறுத்தினால் மட்டும் போதாது. எதைக் கொண்டு பெருக்கினாலும், இடப்பக்கம் பெருக்கினாலும் வலப்பக்கம் பெருக்கினாலும், அந்த வரிசை குலையக் கூடாது. தான் எடுத்துக்கொண்ட குலம் அப்படிப்பட்டதுதான் என்று ஹுஸ்னா நிரூபித்திருந்தாள். இடப்பக்கத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். வலப்பக்கத்துக்கு, கணக்குக்காரர்கள் கை வலிக்கும்போது எழுதுகிற ஒரே வார்த்தை: ‘இவ்வாறே’.

அந்த ‘இவ்வாறே’யைத்தான் அன்று மதியம் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி போட்டாள். ஓர் உறுப்பு, இடப்பக்கம் இன்னொன்றாலும் வலப்பக்கம் அதன் நேர்மாறாலும் பெருக்கியதும், தன் நேர்மாறாகவே மாறி நின்றது. பெரியது என்று வைத்தால் சிறியது என்கிறது, சிறியது என்று வைத்தால் பெரியது என்கிறது. ஒட்டுப்போட வழியே இல்லை. தேற்றமே பொய்.

கொடைரோட்டில் இருக்கும் தன் நெறியாளர் ஆண்டனிராஜுக்குப் போன் போட்டாள்.

“சார், வலப்பக்கம் வரமாட்டேங்குது சார். நாலாவது அத்தியாயமே தப்பு.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு பேரு படிச்சுப் பாத்து சரின்னுட்டாங்க. அவுக கண்ணுல படாதது உனக்கு மட்டும் எதுக்கும்மா படுது? நாளைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காத. வேலைய நெனச்சுப் பாரு.”

நினைத்துப் பார்த்தாள். வேறு எதைத்தான் நினைத்தாள்?

மறுநாள் வாய்மொழித் தேர்வில் வியர்த்துக் கொட்ட நின்றாள். யா அல்லாஹ், நாலாவது அத்தியாயத்தில் கேள்வி வரக் கூடாது என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

கேள்வி வரவே இல்லை. வந்திருந்த வெளித் தேர்வாளர் சிரித்த முகமாகச் சொன்னார்: “நாலாவது அத்தியாயம் பிரமாதம்மா. எங்கிட்ட ருக்ஸார்னு ஒரு பொண்ணு ஆய்வு பண்றா. படிச்ச உடனே அவகிட்ட குடுத்துட்டேன். இப்ப அது மேலதான் மொத்த வேலையும் பாக்குறா.”

ஆண்டனிராஜ் ஹுஸ்னாவைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

ஹுஸ்னா பலகைப் பக்கம் திரும்பினாள். தன் தலையில் விழுந்தது போதாதென்று முகம் தெரியாத இன்னொருத்தி தலையிலுமா? சாக்பீஸை எடுத்து அந்த உறுப்பைப் பலகையில் எழுதினாள்.

“இத வலப்பக்கம் பெருக்கிப் பாருங்க சார். அவகிட்ட இன்னைக்கே சொல்லிருங்க.”

ஜூனில் கல்லூரி திறந்தது. ஹுஸ்னாவை யாரும் கூப்பிடவில்லை.