டெல்மா ஒட்டிய வால்

எங்கள் தீவனக் கடை வாசலில், நெடுஞ்சாலையைப் பார்த்தபடி உயரமாக ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது. திங்கட்கிழமைதோறும் டெல்மா அதில் எழுத்துகளை மாட்டுவாள். முதல் வரி ஊரே அறிந்த பழமொழி. அடுத்தது அவளாக ஒட்டும் வால். அந்த வாலைப் படித்து லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். பதினோரு வருஷமாக அவளோடு கல்லாவில் நிற்கிறேன். அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அவளுடைய ஏணியை வசந்தத்தில் வாங்கிப்போன அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணை நெஸ்டர் திருப்பித் தரவே இல்லை. இவள் பிக்கப் வண்டியின் மேல் நின்று மாட்டிக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் நல்ல அண்டை வீட்டார் பற்றிய பழமொழி வந்தது. வால்: "ஏணியைத் திருப்பித் தருபவர் இன்னும் நல்லவர்."

"ஏண்டி, நெஸ்டரைத்தானே குத்துறே?" என்று கேட்டேன்.

"தமாஷுக்குடி. விழுந்து விழுந்து சிரிப்பான் பாரு."

அவர் சிரிக்கவில்லை. மதியமே ஏணியைப் பலகையில் சாத்திவிட்டு, கடைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

பனி கொட்டினால் மறுநாள் காலையில் டெல்மாவின் வீட்டுப் பாதையில் குவிந்ததை நெஸ்டரின் டிராக்டர்தான் வழித்துத் தள்ளும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். அவள் கேட்டதில்லை, அவர் சொல்லிக்காட்டியதும் இல்லை. நவம்பரின் முதல் பனிக்கு டிராக்டர் வரவில்லை. டெல்மா தானே மண்வாரியால் வழித்துவிட்டு இரண்டு மணி நேரம் தாமதமாகக் கடைக்கு வந்து நின்றாள்.

"இடுப்பு போனாப் போகட்டும்டி. அந்த மனுஷனை ஒத்தை வரியில தொலைச்சிட்டேனே!" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

"அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளேன்."

"ஊரறியக் குத்திட்டு, யாருக்கும் தெரியாம மன்னிப்பா? நல்லாயிருக்கு நியாயம்!"

அன்றே ஏணியில் ஏறி, மௌனத்தின் அருமை பற்றிய பழமொழியை மாட்டினாள். வால்: "நெஸ்டரின் மௌனம் மட்டும் வேண்டாம். தப்பு என்னுடையது. டெல்மா."

இரண்டு நாள் கழித்து மறுபடி பனி. காலையில் அவள் வீட்டுப் பாதை சுத்தமாக இருந்தது. கடைக்கு வந்தால், கொல்லையில் கிடந்த ஏணியைக் காணோம். பலகையில் கோணல்மாணலாக மூன்றாவது வரி: "ஏணி என்னிடம். வசந்தத்தில் பார்ப்போம்."

கிறிஸ்துமஸ் தள்ளுபடி அறிவிப்பு போட வேண்டுமென்று முதலாளி குதித்தார். "வண்டி மேல ஏறி மாத்தேன்மா!"

"ஏணி வரட்டும் சார்," என்றாள் டெல்மா.

ஏப்ரல் வரை அந்த மூன்று வரிகளும் அப்படியே இருந்தன.