குளிருக்குப் பயந்த மெஷின்

இரத்தத்தில் சீனி பார்க்கும் மெஷினை மலைநாட்டில் விற்பது என்பது, விற்ற பிறகு அதற்குக் காய்ச்சலா குளிரா என்று விசாரித்துக்கொண்டே இருக்கும் தொழில். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய சில வருடங்கள், அட்டனில் ஒரு அறை எடுத்துக்கொண்டு நான் அந்தத் தொழிலைப் பார்த்தேன். ஈரச் சப்பாத்தும் தோள்பையுமாக மலைப்பாதையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற விற்பனைப் பிரதிநிதிகளே, உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

மெஷின் உள்ளங்கை அளவு. கூடவே சின்ன டப்பாவில் ஸ்ட்ரிப்கள். நுனியில் ஒரு சொட்டு இரத்தம் வைத்தால் இலக்கம் வரும். டப்பாவுக்குச் சூடு ஏறினாலும் ஈரம் புகுந்தாலும் இலக்கம் பொய் சொல்லும். மெஷினுக்குக் குளிர் கூடினாலோ இலக்கமே வராது, ஒரு வெப்பமானிப் படம் மட்டும் மினுங்கும். கொழும்பில் பயிற்சி கொடுத்தவர் அந்தப் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

போர்வைக்குள் ஒரு துணை

வந்த புதிதில் ஒரு தோட்டத்தில், வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் போகும் முன் வெறும் வயிற்றோடு சோதிக்க ஆட்களை வரச் சொல்லியிருந்தேன். பனியில் வரிசையாக நின்றார்கள். மெஷின் படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. வந்தவர்கள் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து மெஷினைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் சுவெட்டருக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன். என் அறை ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே. கடைக்காரரான முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, ஒரு நாள் டெலிபோன் வந்திருப்பதாகச் சொல்ல மேலே வந்தவர், நான் போர்வையை விலக்கி மெஷினை எடுப்பதைப் பார்த்துவிட்டார். கதவில் நின்றபடியே கேட்டார்.

"மெஷினுக்குக் குளிரும்னு நீங்க போத்துறீங்க. ஒங்களுக்கு யாரு தம்பி போத்துறது?"

இரண்டு நடுக்கம்

உடப்புசல்லாவையில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். என்னைப் போலவே யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் இறந்த பிறகும் ஊருக்குத் திரும்பாதவர். இன்சுலின் போடுகிறார். சீனி அளவுக்கு மேல் இறங்கினால் கை நடுங்கும். அந்த ஊரில் காலையில் எல்லோருக்கும்தான் கை நடுங்கும். தன் நடுக்கம் எந்த நடுக்கம் என்று அவருக்குச் சொல்ல வீட்டில் மெஷினைத் தவிர ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து அதுவும் படம் காட்டும். ஒருமுறை வெறும் குளிர் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் தற்செயலாக வந்து எழுப்பி, சீனித்தண்ணீர் பருக்கியிராவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும்.

அதன் பிறகு மெஷின் மறுத்த நாளெல்லாம் நானாவின் கடைக்கு டெலிபோன் எடுப்பார். முதலில் கொஞ்சம் சீனித்தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, நான் இரண்டு பஸ் மாறிப் போவேன். மழை நாளில் மத்தியானம்கூட அவருடையதும், நனைந்து வந்த என்னுடையதும் படத்தோடுதான் இருக்கும். அடுப்பருகே வைத்து அவசரப்படுத்தக் கூடாது, மெதுவாகத்தான் சூடாக வேண்டும். டீச்சர் தன் மெஷினை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, நான் என்ன சமைத்தேன், ஏன் தினமும் பருப்பு என்று விசாரிப்பார். வாரம் முழுக்க நான் விற்பதற்காகப் பேசினேன். அங்கேதான் சும்மா பேசினேன். படம் அணைந்தால் சோதித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் அது கொஞ்சம் பிந்தட்டும் என்று உள்ளுக்குள் இருக்கும். ஆனாலும் அவர் உயிர் பெரிது இல்லையா, இரவில் மெஷினைப் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். டீச்சர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"அணைச்சுக்கொண்டு படுக்க இது என்ன பிள்ளையே, தம்பி?"

உலர்ந்த இடம்

நோர்வூட் பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில், புருஷனுக்கு நேற்று ஒரு இலக்கம், இன்று ஒரு இலக்கம் என்று ஓர் அம்மா முறையிட்டார். ஸ்ட்ரிப் டப்பாவைக் கேட்டேன். அடுப்புக்கு மேலே தொங்கிய பலகையிலிருந்து, கருவாட்டுக்குப் பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார். கை சுட்டது. புகையும் சூடும் பட்டால் கெட்டுவிடும் என்று விளக்கி, புது டப்பா ஒன்றும் கொடுத்தேன். அதை எங்கே வைப்பது என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சுவரெல்லாம் ஈரம்.

"காய்ஞ்ச எடம் இங்க அது ஒண்ணுதாங்க. நெருப்புப்பெட்டியும் உப்பும் அங்கதான் இருக்கு. ஒங்க டப்பாவ நான் தலையிலயா வைக்கிறது?"

துரை வீட்டுப் பிள்ளை

வேறொரு தோட்டத்து டிஸ்பென்சரியில் எதிர்ப்பக்கமாகக் கவனித்திருந்தார்கள். இன்சுலினோடு ஸ்ட்ரிப் டப்பாவையும் பிரிஜ்ஜுக்குள் வைத்திருந்தார் மருந்துக்காரர். ஜில்லென்று எடுத்து உடனே திறந்ததில், மூடிக்குள் பனி வேர்த்து எல்லாம் பாழ். சூடு கூடாது, பிரிஜ் கூடாது, மூடியைத் திறந்தும் வைக்கக் கூடாது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இது தொர பங்களாவுல பொறந்திருக்க வேண்டியதுங்க சார். தெரியாம நம்மகிட்ட வந்து மாட்டிக்கிச்சு."

இதற்கு ஏன் அவசரம்

பிறகு கம்பனி புது மாடல் அனுப்பியது. நல்ல குளிரிலும் வேலை செய்யும் என்றார்கள். முதல் பெட்டியைப் பிரித்ததும் ஒன்றை எடுத்துக்கொண்டு, டெலிபோன் வருமுன்னே உடப்புசல்லாவைக்குப் போனேன். வெளியே மூடுபனி. கதவைத் திறந்த டீச்சரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, மெஷினுக்காக இரண்டு கையையும் நீட்டினார். பொத்தி வைக்கத் தேவையில்லை என்று சொல்லி, விரலில் ஒரு சொட்டு எடுத்து வைத்தேன். படம் வரவில்லை. இலக்கம் வந்துவிட்டது. சீனி சரியாகவே இருந்தது; நடுக்கம் வெறும் குளிர்.

எனக்குச் சந்தோஷம்தான். இனி அந்த வீட்டில் நடுக்கத்தைப் பார்த்துச் சொல்ல ஒன்று இருக்கிறது. கூடவே, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன் போலவும் இருந்தது. "இனி எனக்குப் போன் எடுக்க வேண்டி வராது, டீச்சர்" என்றேன். அவர் மெஷினைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

"தேத்தண்ணி இன்னும் கொதிக்கேல்லை. இதுக்கு ஏன் தம்பி இவ்வளவு அவசரம்?"

குளிருக்கு அஞ்சாத மெஷினை மலையெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று கம்பனி பாராட்டியது; என் போர்வைக்குள் மட்டும் அதன் பிறகு வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.