கென்டக்கிக்காரர்கள் வந்த வெள்ளிக்கிழமை

மைதானத்து வாசலில் சீட்டுக் கிழிக்கும் பெண் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்: "ஹோமா, விசிட்டரா?" உள்ளூர்க்காரர்கள் உட்காரும் பக்கமா, வெளியூர்க்காரர்கள் பக்கமா என்று அர்த்தம். ஒஹையோ மாநிலத்தின் இந்தச் சிற்றூருக்கு வந்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. இன்னும் அந்தக் கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வருவதில்லை. என் பேரன் கவின் உள்ளூர் உயர்நிலைப் பள்ளிக்காக விளையாடுகிறான். ஆனால் உள்ளூர்க்காரர்களின் இருக்கைகள் செங்குத்தாக ஏறுகின்றன, என் முழங்கால்களால் ஆகாது. எதிர்ப்பக்கத்தில் ஆறே வரிசை, அதுவும் தாழ்வானவை. அதனால் "விசிட்டர்" என்று சொல்லிவிட்டு, எதிரணியின் பெற்றோர்கள் நடுவே உட்கார்ந்து என் பேரனைப் பார்க்கிறேன்.

இங்கே ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஓடுகிறவன் மேல் நாலு பேர் விழுந்து அமுக்குகிறார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தைக் காலால் உதைத்துப் புள்ளி எடுப்பதற்கென்று அணிக்கு ஒரு பையன், எங்கள் பள்ளிக்கு அது கவின். நான் புள்ளியியல் அலுவலகத்தில் ஆடு மாடுகளையும் கிணறுகளையும் எண்ணியே ஓய்வு பெற்றவன். எண்ணாமல் எதையும் பார்க்கத் தெரியாது. ஓர் ஆட்டம் முழுவதும் பந்தில் கவினின் கால் படுவது பத்துத் தடவைக்குள்தான். அந்தப் பத்துக்காகத்தான் குளிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

வருடாவருடம் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நடக்கும் ஆட்டத்தை இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் கென்டக்கி மாநிலத்திலிருந்து ஓர் அணியை அழைத்தார்கள். வெளிமாநில ஆட்டத்தால் என்ன நன்மை என்று பயிற்சியாளர் பெற்றோர்களைக் கூட்டிச் சொன்னாராம். பையன்கள் வேறு மாதிரியான ஆட்டத்தைக் கற்பார்கள், இந்த ஊரைத் தவிரவும் உலகம் உண்டென்று தெரிந்துகொள்வார்கள், அந்த மாநிலத்துக் கல்லூரி ஆட்களும் தங்கள் அணிக்குப் பையன் தேடிப் பார்க்க வருவார்கள். அதில் மூன்றாவதுதான் எங்கள் வீட்டு விஷயம்.

"அவங்க கவினை எடுத்துக்கிட்டா படிப்பு அங்கதான்ப்பா. கார்ல ஆறு மணி நேரம்" என்றான் மகன் இளங்கோ.

"அப்ப நான்?"

"நீங்கதான வருஷா வருஷம் அரியலூருக்குப் போறேன் போறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க. கவின் வூட்ல இருக்கற வரைக்கும் இருங்கன்னேன். அவன் போயிட்டான்னா ஒங்க இஷ்டம்."

என் மனைவி இறந்த பிறகு இளங்கோ என்னை இங்கே அழைத்து வந்தபோது கவினுக்கு ஆறு வயது. பெற்றோர் இருவரும் வேலையில். பள்ளி விட்டு வரும் பையனுக்குக் கதவைத் திறந்துவிடுவது என் வேலையானது. அவன் போய்விட்டால் பகலெல்லாம் யாருமில்லாத இந்த வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் யாருமில்லாத அரியலூர் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அந்த ஆட்டத்தை நான் விளையாட்டாகப் பார்க்கவில்லை.

பக்கத்து ஊர் ஆட்டத்தை நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. சென்ற வருடம் அந்த ஊர்க்காரர்கள் நடுவே உட்கார்ந்து, கவின் உதைத்ததற்குக் கைதட்டினேன். பின்னாலிருந்த ஒருவர், "உன் இடத்துக்குத் திரும்பிப் போ" என்று கத்தினார். மைதானத்தின் அந்தப் பக்கத்தைச் சொன்னாரா, கடலுக்கு அந்தப் பக்கத்தைச் சொன்னாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அடிதடி. மூன்று கார்களின் கண்ணாடி உடைந்தது.

பக்கத்து ஊரோடு மோதுவது எப்படியென்று அரியலூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பள்ளி அணியின் கோல்கீப்பராக இருந்தபோது பெரம்பலூரில் போய் ஏழு கோல் வாங்கினோம். ஆட்டம் முடிந்து கைகலப்பு. அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த என் சித்தப்பாவின் பெயர்ப்பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள். ரயில் நிற்காத ஊர் என்று நாங்கள் அவர்களைக் கேலி செய்ததற்கும் சேர்த்துத்தான் அது. மூன்று வருடத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கைத்தடியோடு ஒருவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீ அரியலூரு கோல்கீப்பருல்ல?"

"ஆமாங்க. நீங்க?"

"என்னா ஆமாங்க? ஏழு வாங்குனியே, அதுல மூணு நான் அடிச்சது. மூஞ்சி மறந்துபோச்சா?"

"ஏழு இல்ல, ஆறு. ஒண்ணு ஆஃப்சைடு."

"அம்பத்தெட்டு வருஷமா இதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடக்கியா?" என்று சிரித்தார். "ரயிலு ரயிலுன்னு என்னா பேச்சுப் பேசுனீங்க! கடைசில அந்த ரயில்லயே ஏறி ஓடிப் போயிட்டியாமே?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைய பயணம் முழுவதிலும் என்னை யாரென்று கேட்காமல் பேசிய மனிதர் அவர் ஒருவர்தான்.

அந்தத் தோல்விக்கு அடுத்த வருடம் பாலக்காட்டிலிருந்து ஒரு பள்ளி அணி அரியலூருக்கு ரயிலில் வந்தது. அவர்களிடமும் ஐந்து கோல் வாங்கினேன். யாரும் திட்டவில்லை. நம் ஆட்களே கைதட்டினார்கள். ராத்திரி ஒரே பந்தியில் சாப்பிட்டோம், காலையில் ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பினோம். இப்போது யோசித்தால் அந்தப் பதினோரு பேரில் ஒருவன் முகம்கூட நினைவில்லை. அவர்களுக்கும் என்னை நினைவிருக்காது. வெளிமாநில ஆட்டத்தின் பெரிய நன்மை, பகை மிஞ்சாது. அதோடு வேறெதுவும் மிஞ்சாது என்பதைப் பயிற்சியாளர் சொல்லியிருக்க மாட்டார். பதினோரு வருடங்களாக நான் இங்கே ஆடுவதும் அப்படிப்பட்ட ஆட்டம்தான். எல்லோரும் மரியாதையாகக் கைகுலுக்குகிறார்கள்.

கென்டக்கியிலிருந்து பெற்றோர்கள் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். இறங்கும்போதே எண்ணினேன், நாற்பத்திரண்டு பேர். அவர்களை அழைத்துவந்த டெபி என்ற அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே தன் கம்பளியில் பாதியை என் முழங்கால் மேல் போட்டாள்.

"ரொம்ப தூரமா?" என்று கேட்டாள்.

"அரியலூர்."

"கென்டக்கியில அது லெக்சிங்டனுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்" என்றேன். பொய்யில்லை.

"உங்க பையன் எந்த நம்பர்?"

"நாற்பத்தொன்று."

அவர்கள் அணியிலும் ஒரு நாற்பத்தொன்று இருந்தான். ஆறரை அடி உயரம், கதவு மாதிரி தோள், செம்பட்டைத் தலை. அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நல்லா வளர்த்திருக்கீங்க" என்றாள்.

முன்வரிசையில் கல்லூரித் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார். தன் மாநிலத்துப் பையன்களைப் பார்க்க வந்தவர், கவின் முதல் தடவை கம்பங்களுக்கு நடுவே அடித்தபோது செல்போனில் இருந்தார். கடைசிப் பகுதியில் நாற்பத்து நாலு கெஜத்திலிருந்து அடிக்கக் கவின் வந்து நின்றான். தொப்பிக்காரர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்தார். பந்து விலகிப் போகட்டும் என்று நினைத்தேன். அது நடுவாகப் போனது. எல்லோருக்கும் முன்னால் கைதட்டியது நான்தான். இந்த முறை யாரும் என்னைத் திட்டவில்லை. டெபியும் சேர்ந்து தட்டினாள்.

இருபத்து நாலுக்கு இருபது என்று நம் பள்ளி தோற்றது. இரண்டு அணிகளும் வரிசையில் வந்து கைதொட்டுக்கொண்டன. ஒரு வசவுகூடக் கேட்கவில்லை. தொப்பிக்காரர் மைதானத்தைக் கடந்து நேராகக் கவினிடம் போனார். தூரத்தில் பேச்சு கேட்கவில்லை. இளங்கோ அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டதும், கவினை இழுத்து அணைத்துக்கொண்டதும் தெரிந்தன. அதற்குமேல் எனக்குச் சொல்ல ஆள் தேவையில்லை.

அந்தப் பக்கம் போவதற்காக எழுந்து நடந்தேன். வழி, கென்டக்கி பஸ்ஸைத் தாண்டித்தான். அதைச் சுற்றிக் கூட்டம் நின்றது, நானும் நடுவில் மாட்டிக்கொண்டேன். டெபி படியில் நின்று, விரலால் காற்றைத் தொட்டுத் தொட்டுத் தன்னில் தொடங்கித் தலைகளை வாய்விட்டு எண்ணினாள். நாற்பத்து மூன்று வந்தது. புருவத்தைச் சுருக்கினாள். கூடுதலாக இருந்த தலை என்னுடையது, சொல்லியிருக்க வேண்டும். மைதானத்துக்கு அப்பால் இளங்கோ "அப்பா, அப்பா" என்று கையசைத்துக்கொண்டிருந்தான். டெபி மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். அவள் விரல் ஒவ்வொரு தலையாகத் தாண்டி என்னிடம் வந்து சேரும் வரை அசையாமல் நின்றேன்.